கலைத்த கேம்ப்புக்குத் திரும்பிப் போன அம்மா

1. ஆறு தொப்பி

புல் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. எனக்கு முன்னால் நடப்பவர்களின் உடம்பு தெரியவில்லை. தொப்பி மட்டும்தான் தெரிந்தது. வரிசையில் கடைசி ஆள் நான். முதுகில் டீ பெட்டி. என் வேலையில் டீ போடுவது பாதி, எண்ணுவது மீதிப் பாதி. எண்ணினேன். ஆறு தொப்பி. கெஸ்ட்டும் ஆறு பேர். சரியாக இருக்கிறது என்று பின்னாலேயே நடந்தேன்.

இருபது நிமிஷம் கழித்துப் புல் குட்டையானது. அப்போது பார்த்தால், ஆறு தொப்பிக்கு ஐந்து தலைதான் இருந்தது. ஆறாவது தொப்பி ஒரு கைத்தடியின் நுனியில் மாட்டிக்கொண்டு தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

தடியைப் பிடித்திருந்தவர் ரத்தினவேல் முதலாளி. எங்கள் ஆரணியில் பட்டுக் கடை வைத்திருப்பவர். மகனுக்கு ஜாம்பியாவில் வேலை. அப்பா, அம்மா, மனைவி, ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர் என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு மகன் எங்கள் கேம்ப்புக்கு வந்திருந்தார். தொப்பி முதலாளியின் மனைவி மரகதம் அம்மாவுடையது.

"முதலாளி, அம்மா எங்கங்க?" என்று கேட்டேன்.

"முன்னாடி மருமவகூட போய்கினு இருப்பா. தொப்பியை டீ குடிச்ச எடத்துல செடிமேலயே மறந்துட்டா. நான்தான் எடுத்தாந்தேன். ஏன், இன்னா?"

முன்னால் மருமகள் இருந்தாள். அம்மா இல்லை.

அந்த அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. இடது கண்ணில் புரை. தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. நாங்கள் டீ குடித்த இடம் அரை மணி நடைக்குப் பின்னால் இருந்தது. நடுவில் யானை, எருமை, சிங்கம் எல்லாம் நடமாடுகிற காடு.

2. நான் பார்த்த வேலை

கேட்டரிங் படிக்கும் பிள்ளைகள் இப்போது ஊரில் நான் நடத்தும் மெஸ்ஸுக்கு வந்து, "அண்ணே, ஆப்பிரிக்காவுல இன்னா வேலை செஞ்சீங்க?" என்று கேட்பார்கள். டீ ஆள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஓட்டல் கிச்சனில் ஏசி போட்டுக்கொண்டு கொத்தமல்லி நறுக்குவதை வேலை என்று நினைக்கிற பிள்ளைகளிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் அந்த வேலை என்ன என்பதைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது.

முதலில் லுசாகா நகரத்தில் ஓர் ஓட்டலில் குக்காகத்தான் போனேன். பிறகு லுவாங்வா ஆற்றுப் பக்கம் நடை சஃபாரி நடத்தும் ஒரு சின்ன கம்பெனிக்கு மாறினேன். ஜீப்பில் உட்கார்ந்து மிருகம் பார்ப்பது வேறு. இது காலால் நடந்து போவது. கேம்ப்பும் ஒரே இடத்தில் இருக்காது. டென்ட், மேசை, நாற்காலி, கக்கூஸ் கூடாரம் எல்லாம் ஒரே லாரியில் ஏறிவிடும். ஓரிடத்தில் இரண்டு ராத்திரி. மூன்றாம் நாள் விடிந்ததும் கெஸ்ட் நடக்கக் கிளம்புவார்கள். அவர்கள் தலை மறைந்ததும் ஆட்கள் கேம்ப்பைக் கலைத்து லாரியில் ஏற்றி, வேறு பாதையில் போய் அடுத்த இடத்தில் நட்டுவிடுவார்கள். கெஸ்ட் மதியம் அங்கே வந்து சேரும்போது அதே டென்ட், அதே கட்டில், சுடச்சுடச் சோறு.

கலைத்த இடத்தில் ஆள் இருந்த சுவடே இருக்கக் கூடாது. சாம்பலைப் புதைத்து, முளை அடித்த குழிகளை மூடி, இலைக் கொத்தால் தரையைக் கூட்டிவிடுவோம். ஒரு நெருப்புக் குச்சி கிடந்தாலும் கைடு ஜோசப் பொறுக்கச் சொல்லுவார். ஜோசப் நல்ல மனுஷன், சட்டத்தில் மட்டும் கறார்.

நடக்கும்போது வரிசை மாறாது. முதலில் துப்பாக்கியோடு ஸ்கௌட் பண்டா, காட்டுக் காவல் ஆள். அடுத்து ஜோசப். பிறகு கெஸ்ட். கடைசியில் நான். பேசக் கூடாது. கையால்தான் சைகை. ஒதுங்கப் போகிறவர்கள் என்னிடம் சொல்லிவிட்டு, போகிற புதரின் மேல் தொப்பியை வைத்துவிட்டுப் போக வேண்டும். தொப்பி இருக்கிறவரை வரிசை நகராது. அன்றைக்கு அம்மா அதைச் சரியாகத்தான் செய்திருந்தார். நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்ததால், சொல்லச் சங்கடப்பட்டு, தொப்பியை மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மனைவி தொப்பியை மறந்துவிட்டாள் என்று முதலாளி அதை எடுத்துக்கொண்டார். நான் தலையை எண்ணாமல் தொப்பியை எண்ணினேன்.

பண்டாவுக்கு மட்டும் தனியாக ஒரு சட்டம் உண்டு. கலைத்த கேம்ப்புக்கு அன்றைக்கு யாரும் திரும்பிப் போகக் கூடாது. ஒரு தடவை ஒரு பையனின் கைக்கடிகாரம் அங்கேயே விட்டுப்போய்விட்டது என்றபோதும் பண்டா விடவில்லை. ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்.

3. அரக்கு நூல்

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும்.

எனக்கு அந்தக் காட்டைக் கண்டால் பயம். இதை அங்கே யாரிடமும் சொன்னதில்லை. சிங்கத்தைப் பார்த்துக்கூட அவ்வளவு பயம் இல்லை. எல்லா மரமும் ஒரே மரமாக இருக்கும், அதுதான் பயம். மொப்பானி என்று ஒரு மரம். நூறு மரத்தைத் தாண்டினாலும் அதே மரம்தான் நிற்கும். முதல் நாள் நடந்தபோது திரும்பிப் பார்த்தேன். நாங்கள் வந்த வழியே இல்லை. பின்னால் காடு சத்தமில்லாமல் சேர்ந்து மூடிக்கொண்டது போல இருந்தது. ஜோசப்பும் பண்டாவும் செத்துப்போனால் நான் எப்படித் திரும்புவேன் என்று அன்றைக்கெல்லாம் அதே யோசனை.

என் அண்ணன் ஆரணியில் தறி நெய்கிறான், ரத்தினவேல் முதலாளிக்குத்தான். ஊரிலிருந்து யாராவது வந்தால் மிளகாய்த் தூள், புளி எல்லாம் பொட்டலம் கட்டி அனுப்புவான். பொட்டலத்தைச் சுற்றிக் கட்டுவது தறியில் மிஞ்சிய பட்டு நூலால். அரக்கு நிறம். அந்த நூலைச் சேர்த்து வைத்திருந்தேன். நடக்கும்போது திரும்புகிற இடத்திலெல்லாம் ஒரு சாண் நூலை முள்செடியில் கட்டிவிட்டு வருவேன். கடைசி ஆள் என்பதால் யாரும் பார்க்க மாட்டார்கள். கட்டினால் நெஞ்சு கொஞ்சம் நிதானப்படும். மறுபடி அந்தப் பக்கம் நடக்கும்போது அவிழ்த்துவிடலாம் என்பது நினைப்பு.

சட்டப்படி இது பெரிய தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் மெல்லிய நூல். வெள்ளைக்காரர்கள் எத்தனையோ பேர் அதைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை. ஜோசப் கண்ணிலேயே பட்டதில்லை.

ஆரணியில் பிறந்து, பத்து வயதிலிருந்து நூல் சுற்றிய ஒரு பொம்பளை அந்தக் காட்டுக்கு வருவார் என்று நான் கண்டேனா?

4. அவிழ்த்த முடிச்சு

ஜோசப் மற்ற ஐந்து பேரையும் ஒரு பெரிய மரத்தடியில் உட்கார வைத்துத் தானும் அவர்களோடு இருந்துகொண்டார். ரேடியோவில் லாரியைக் கூப்பிட்டார். தேடப் போவது பண்டா. கூட நான், அம்மாவுக்குப் புரிகிற பாஷை பேச. முதலாளி தானும் வருவேன் என்று எழுந்தார். ஜோசப் விடவில்லை.

முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கடையில் நான் நாற்காலியில் உட்கார்ந்தது கூடக் கிடையாது. "ஏகாம்பரம், நம்ம ஊர்க்காரன்டா நீ. அவளுக்கு இங்க ஒண்ணும் தெரியாதுடா. எப்படியாவது கூட்டிகினு வந்துடுடா" என்றார்.

டீ குடித்த இடத்துக்கு வந்தோம். அம்மா ஒதுங்கிய புதரைப் பண்டா சுற்றிப் பார்த்தார். தரையைக் காட்டினார். காலையில் நாங்கள் வந்த காலடித் தடங்களுக்கு மேலே, எதிர்த் திசையில், ஒரு கேன்வாஸ் ஷூவின் தடம். பின்னோக்கிப் போயிருக்கிறார்.

அதற்குப் பக்கத்தில் இருந்த முள்செடியை நான் பார்த்தேன். காலையில் அதில் நூல் கட்டியிருந்தேன். இப்போது இல்லை.

அடுத்தது ஒரு கறையான் புற்றுக்குப் பக்கத்தில். அதுவும் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. அறுத்திருந்தால் முடிச்சாவது செடியில் நிற்கும். முடிச்சே இல்லை. யாரோ பொறுமையாக உட்கார்ந்து நகத்தால் நெம்பி அவிழ்த்திருக்கிறார்கள். நான் போடுவது தறிக்காரர் முடிச்சு. தெரியாதவர்களுக்கு அது லேசில் அவிழாது.

வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து விடாமல் கத்திக்கொண்டிருந்த புறாக்கள் நின்றுவிட்டன. என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. செடிக்குச் செடி, நூல் இருந்த இடம் காலியாக இருந்தது.

பண்டா நின்று என்னைப் பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதை நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: "நான் தரையப் பாக்கறேன். நீ இன்னாத்துக்கு செடியப் பாக்கற?"

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

கொஞ்ச தூரத்தில் மண் முடிந்து, வெயிலில் இறுகிய களிமண் தரை வந்தது. அதில் தடம் பதியாது. பண்டா மூன்று பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பது வருஷம் அந்தக் காட்டில் நடந்தவர்; அவர் முகத்தில் குழப்பத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எனக்குத் தெரியும். வரிசை போய்விட்டது, ஆளில்லை. அப்போது கண்ணில் ஆரணி நூல் படுகிறது. நம்ம ஏகாம்பரம் பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளம் கட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்று அம்மா நினைத்திருக்கிறார். நூலைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். ஆனால் டீக்கு அப்புறம் புல்லுக்குள் நேராக நடந்ததால் நான் கட்டவே இல்லை; நூல் எல்லாம் அந்த இடத்துக்குப் பின்னால்தான் இருந்தது. அது போய் முடிகிற இடம், காலையில் நாங்கள் கிளம்பிய கேம்ப்.

"பழைய கேம்ப்புக்குத்தான் போயிருப்பாங்க" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"அப்படித் தோணுது."

பொய். பண்டா என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு துப்பாக்கியில் குண்டு இருக்கிறதா என்று ஒரு தரம் திறந்து பார்த்துவிட்டு, அவர் சட்டத்தை அவரே மீறி அந்தப் பக்கம் நடந்தார்.

5. நாற்காலி இருந்த இடம்

நான் அதுவரை கலைத்த கேம்ப்பைத் திரும்பிப் பார்த்ததே இல்லை.

மரங்களுக்கு நடுவில் அந்த வெட்டவெளி. கூட்டிய தரை. டென்ட் இருந்த இடங்களில் மட்டும் புல் அமுங்கி வெளுத்து, சதுரம் சதுரமாய்த் தெரிந்தது. கட்டில் எங்கே இருந்தது, வாசல் எங்கே இருந்தது என்று சொல்லிவிடலாம். வீடு இல்லை, வீட்டின் தளம் மட்டும் இருக்கிறது என்பது மாதிரி. நடுவில் நெருப்பைச் சுற்றி நாற்காலி போட்டிருந்த வட்டம்.

அந்த வட்டத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு நொடி, நாங்கள் காலையில் கிளம்பவே இல்லையோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஏழெட்டு பேர், காக்கி நிற முதுகு, கொஞ்சம் கூனிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், முன்னால் நெருப்பு இருப்பது போல நடுவில் பார்த்துக்கொண்டு. நாற்காலி மட்டும் இல்லை.

பண்டா என் தோளை அழுத்தினார். பபூன் குரங்குகள். நம் ஊர்க் குரங்கு இல்லை. ஒரு பெரிய நாய் உயரம், நாயைவிட நீளமான பல்.

அந்த வட்டத்தில், இரண்டு குரங்குகளுக்கு நடுவில், சிவப்புச் சால்வை போர்த்துக்கொண்டு மரகதம் அம்மா உட்கார்ந்திருந்தார். தலை குனிந்திருந்தது. கை மட்டும் மடியில் அசைந்துகொண்டிருந்தது. உயிரோடு இருக்கிறார்.

நாங்கள் நாற்பது அடி தள்ளி நின்றோம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பண்டா பார்த்தார். அப்போது குரங்குகளில் பெரியது ஒன்று தலையைத் தூக்கியது. எங்களைப் பார்க்கவில்லை. அம்மாவுக்குப் பின்னால் பார்த்தது. ஒரே ஒரு தரம் குரைத்தது. அவ்வளவுதான், எல்லாம் எழுந்து, அடித்துப் பிடித்து மரம் ஏறிவிட்டன. வட்டத்தில் அம்மா மட்டும் இருந்தார். குரங்குகள் சண்டை போடுகின்றன என்று நினைத்தாரோ என்னவோ, அவர் நிமிரக்கூட இல்லை.

கிச்சன் டென்ட் இருந்த சதுரத்துக்குள் ஒரு பெண் சிங்கம் நடந்து வந்தது. முந்தின நாள் நான் கறி வெட்டிய இடம் அது. எவ்வளவு மண் போட்டு மூடினாலும் அதற்கு வாசனை தெரியும். தரையை மோந்தது. நிமிர்ந்தது. சால்வையைப் பார்த்தது. அம்மாவின் முதுகுக்கும் அதற்கும் இருபது அடி இருக்கும்.

பண்டா துப்பாக்கியைத் தூக்கிவிட்டு இறக்கினார். எங்களுக்கும் அதற்கும் நேர் நடுவில் அம்மா. சுட முடியாது. என் காதில் சொன்னார்: "ஓடக் கூடாது. கத்தக் கூடாது. அந்தம்மா திரும்பிப் பாக்காம, தடுமாறாம, நேரா நம்மகிட்ட நடந்து வரணும். கூப்பிடு."

மெதுவாகக் கூப்பிட்டேன். "அம்மா."

"வந்துட்டியா ஏகாம்பரம்? இருப்பா, சிக்கு எடுத்துகினு இருக்கேன்" என்றார் தலையைத் தூக்காமலே. மடியில் என் அரக்கு நூல்கள். ஒன்றோடொன்று சிக்கியதைப் பிரித்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "பட்டு நூலைப் போய் முள்ளுல கட்டுவாங்களா? எல்லாம் பிசிறு தட்டிப் போச்சு பாரு."

சிங்கம் இரண்டு அடி எடுத்து வைத்து நின்றது. வாலின் நுனி மட்டும் அசைந்தது.

எழுந்து வாங்க என்றால், ஏன் என்று கேட்பார். ஜல்தி வாங்க என்றால் பதறுவார். சிங்கம் என்று சொன்னால் திரும்பிப் பார்ப்பார், ஓடுவார். அப்போது எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, வாயில் வந்தது இதுதான்:

"அம்மா, தூறல் போடுது. பாவைப் புடிங்க."

தறிக்காரத் தெருவில் பிறக்காதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். நெசவுக்கு நீளவாட்டில் ஓடும் நூல்தான் பாவு. விடியற்காலையில் அதைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டியிருப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. நனைந்தால் போச்சு. தூறல் விழுந்ததும் யாராவது ஒருவர் குரல் கொடுப்பார். அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டு வீட்டுப் பொம்பளைகள் வந்து பாவைப் பிடிப்பார்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பிடித்து, தொய்யாமல், ஒரே சீராக நடந்து ஓரத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஓடினால் இழை அறும். நின்றால் நனையும். திரும்பிப் பார்த்தால் பிடி நழுவும். ஏன், எதற்கு என்று அந்த நேரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டுப் பழக்கமே இல்லை.

அம்மாவின் தலை நிமிர்ந்தது. மேலே பார்க்கவில்லை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, எழுந்தார். விரலில் சுற்றிய நூலோடு இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். நடக்க ஆரம்பித்தார்.

நான் எதிரில் கையை நீட்டிக்கொண்டு பின்னால் பின்னால் போனேன், பாவின் மறுமுனையைப் பிடித்திருப்பவன் மாதிரி. "தொய்யாம வாங்க. அப்படித்தான். தொய்யாம." அவர் கண் என் கையை விட்டு நகரவில்லை. சிங்கமும் நடந்தது. அவர் நடக்கிற அதே வேகத்தில் நடந்தது. அவர் விட்டுவந்த இடத்துக்கு வந்ததும் நின்று, அவர் உட்கார்ந்திருந்த தரையை மோந்து பார்த்தது. பிறகு அங்கேயே படுத்துக்கொண்டது.

நான் எண்ணினேன். முப்பது அடி நடந்தார் அம்மா. அதற்குள் பண்டா பக்கவாட்டில் வந்து நடுவில் நின்றுகொண்டார். மரத்தின் மேலிருந்த குரங்குகள் ஒன்றும் சத்தம் போடவில்லை. எல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. இவர்கள் எப்போதடா போவார்கள் என்று பார்ப்பது போல இருந்தது.

6. லாரியில்

லாரி பாதை வரைக்கும் நடந்தோம். லாரி வந்து ஏறிய பிறகுதான் அம்மா வாயைத் திறந்தார்.

"தூரத்துலேருந்து பாத்தப்போ நீங்கதான்னு நெனச்சிட்டேன் ஏகாம்பரம். எல்லாம் பேசாம ஒக்காந்துகினு இருந்தாங்க. பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே, அதான் போலன்னு நானும் பேசாம போயிட்டேன். கிட்ட போனப்புறம்தான் கொரங்குன்னு தெரிஞ்சுது. படவேடு கோயிலுக்குப் போய் வந்து எனக்கு கொரங்கு பழக்கம்தான். திரும்பி ஓடினா தொரத்தும்னு மெதுவா ஒக்காந்துட்டேன்." சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "ஒண்ணு மட்டும் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. நான் போனப்போ அதுல ஒருத்தர் நகுந்து எனக்கு எடம் விட்டாரு."

ஒருத்தர் என்றுதான் சொன்னார்.

பிறகு விரலில் இருந்த நூலைக் காட்டினார். "நீ கட்டினதுதானே?"

"ஆமாம்மா."

"கட்டக் கூடாதா?"

"கூடாதும்மா. வேலை போயிடும்."

நூலைக் கழற்றிச் சால்வை மடிப்பில் வைத்துக்கொண்டார். "அப்ப விடு. நான் வழி தப்பிட்டேன். அவ்ளோதான்."

நான் தலையாட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் தலையாட்டினேன்.

மற்றவர்களை லாரி முதலிலேயே புது கேம்ப்பில் கொண்டுபோய் விட்டிருந்தது. மருமகள் அழுதுகொண்டே ஓடி வந்தாள். முதலாளி அருகில் வரவே இல்லை. நின்ற இடத்திலிருந்தே கத்தினார். பயந்த மனுஷனின் கோபம். அது யார் மேலாவது இறங்கத்தானே வேண்டும்?

"புத்தி இருக்குதா உனக்கு? கண்ணு தெரியாத கபோதிய கூட்டிகினு வந்தது என் தப்புதான்! ஒரு எடத்துல நில்லுன்னா நிக்கத் தெரியாது? எல்லாருக்கும் பேஜார். வூட்டோட கெடக்க வேண்டியவ நீ!"

மகன் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா சால்வை மடிப்பைக் கையால் இறுக்கிப் பிடித்தபடி, "தப்புதாங்க" என்றார்.

ஜோசப் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார். அறிக்கை எழுத வேண்டும், இந்தம்மா ஏன் பின்னால் போனார் என்று தெரியுமா? பண்டா அவருக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். செடியைப் பார்த்தாயே, ஏன் என்று அவர் இன்னொரு முறை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நான் மறுபடி பொய்தான் சொல்லியிருப்பேன். கேட்காமல் நின்றதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

என் வேலை மட்டும் இல்லை. அண்ணன் தறியும் அந்த முதலாளியின் கையில்தான் இருந்தது. ஆனால் அந்தம்மா எனக்காகத் திட்டு வாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்க முடியவில்லை.

"முதலாளி, நிறுத்துங்க" என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. "அம்மா மேல ஒரு தப்பும் இல்லீங்க. தொப்பிய சரியா வெச்சாங்க. தலைய எண்ணாம தொப்பிய எண்ணினது நான். சட்டத்த மீறி வழியெல்லாம் பட்டு நூல் கட்டினது நான். அதப் பாத்துதான் அவங்க போனாங்க." ஜோசப்பிடம் அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். இருவரையும் பார்த்து, மீதியையும் சொன்னேன். சிங்கத்தை. எத்தனை அடி என்பதை.

முதலாளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் நான் பயந்தது அவருக்காக இல்லை. அம்மாவுக்கு அது அதுவரை தெரியாது. குரங்குதான் என்று நினைத்துக்கொண்டிருந்தவர், என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவர் உடம்பு ஆட ஆரம்பித்தது. மருமகள் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பின்னாடியா?" என்றார்.

"ஆமாம்மா."

"தூறல்னு சொன்னியே."

"சிங்கம்னு சொல்லியிருந்தா ஓடியிருப்பீங்கம்மா."

"ஓடியிருப்பேன்" என்றார்.

அன்றிலிருந்து அந்த சீசன் முடியும் வரை நான் வரிசையில் நடக்கவில்லை. ஜோசப் என்னை லாரிக்கு மாற்றிவிட்டார். கலைத்த இடத்தைக் கூட்டுகிற வேலை. என் நூல்களை எல்லாம் தேடி எடுக்க வேண்டும் என்று இன்னொரு வேலையும் கொடுத்தார். அதற்குப் பண்டா துணைக்கு வந்தார். முன்பு நடந்த பாதைகளில் அவிழ்க்காமல் விட்டவற்றை எல்லாம் மூன்று வாரம் தேடித் தேடி அவிழ்த்தோம். அண்ணன் தறிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்ல இதில் என்ன இருக்கிறது என்றால், இதுதான். வேலையில் ஒரு நேரம் வரும், உண்மையைச் சொன்னால் எதிரில் இருப்பவர் உயிருக்கே ஆபத்து. அப்போது பொய் சொல்லுங்கள், தயங்காதீர்கள். ஆனால் அது அவர் முப்பது அடி நடந்து உங்களிடம் வந்து சேருகிற வரைக்கும்தான். நான் லாரியிலும் பொய்யைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அது அம்மாவைக் காப்பாற்ற இல்லை, என்னைக் காப்பாற்ற. அந்த லாரிப் பயணம் ஒரு மணி நேரம் இருக்கும். சிங்கத்தின் முன்னால் நின்றதைவிட அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால்தான் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.